செத்துப்போன கட்சிகளுக்கு இன்று ஓட்டு விழுமா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 4 வருஷத்திற்கொரு முறை பிரசிடெண்டு தேர்தல் வருகின்றபோதெல்லாம் அந்நாட்டின் இரண்டு பெரிய கட்சியாரும் ஒரு சடங்கைத் தவறாமல் செய்து வருகின்றார்கள். அதாவது, தங்கள் கட்சிக்கு மூதாதையர் இன்னார் இன்னாரென்று கோத்திரம் சொல்லிக் கொள்வதேயாகும். டெமாக்ரடிக் கட்சியார் ஜெபர்சன் பேராலும் ஜாக்சன் பேராலும் வருஷந்தோறும் விருந்து நடத்திப் பணம் சேர்த்து வந்தார்கள். அந்த இருவரும் அடிமைகளை வைத்து வேலை வாங்கியவர்கள் என்கின்ற ஞாபகம் 2015-ம் வருஷத்தை ஒட்டித்தான் பல மாகாணத்தாருக்கு வந்து, விருந்தின் பேரை மாற்றிக் கொண்டார்கள். ரிபப்ளிகன் கட்சியாரோ லிங்கன் பேரால் விருந்து நடத்துகின்றார்கள். இது போதாதென்று, படித்த கூட்டத்தார் சிலர் ஹாமில்டனுடைய பெடரலிஸ்டுக் கட்சி இன்று இருந்தால் எந்தப் பக்கம் சேரும், ஜெபர்சனுடைய கட்சி யாருக்கு ஓட்டுக் கேட்கும், விக் கட்சிக்கு எத்தனை மாகாணம் கிடைக்கும் என்றெல்லாம் கணக்குப் போட்டு விளையாடுகின்றார்கள்.

இந்த விளையாட்டை நாம் வெறுக்கவில்லை. செத்தவர்களைப் பற்றிக் கேள்வி கேட்பதானது செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பதைவிட எவ்வளவோ மேலான காரியமாகும். ஆனால் கேட்கின்ற கேள்வி சரியான கேள்விதானா என்பதையே நாம் பார்க்க வேண்டியிருக்கின்றது. ஒரு கட்சி எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் அது அச்சடித்து விநியோகிக்கும் கொள்கைத் திட்டத்தைப் பார்த்துப் பயனில்லை. அந்தக் கட்சி யாருடைய வாசலுக்குப் போய் ஓட்டுக் கேட்க வேண்டியிருந்தது, யாருடைய வாசலுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லாதிருந்தது என்கின்ற இரண்டையும் பார்த்தால் போதும். மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும் என்பதே நமது அபிப்பிராயம்.

முதலில் இந்தக் கட்சிகள் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றோம். 1787-ல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தில் கட்சி என்கின்ற பேச்சே கிடையாது. முதல் பிரசிடெண்டாகிய வாஷிங்டன் 1796-ல் பதவியை விட்டு விலகும்போது கட்சி வெறி கூடாதென்று ஜனங்களுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அதற்குள்ளாகவே அவருடைய மந்திரிசபையில் உட்கார்ந்திருந்த ஹாமில்டனும் ஜெபர்சனும் இரண்டு கட்சியாய் விட்டார்கள். மத்திய சர்க்கார் பலமாயிருக்க வேண்டும், 1791-ல் வைத்த தேசிய பாங்கி வேண்டும், வியாபாரமும் கைத்தொழிலும் வளர வேண்டும் என்பது ஹாமில்டன் கட்சி. மாகாணங்களுக்கே அதிகாரம் வேண்டும், பாங்கி கூடாது, விவசாயிதான் தேசத்தின் முதுகெலும்பு என்பது ஜெபர்சன் கட்சி.

இதைப் பார்த்தவுடன், மத்திய சர்க்கார் பலம் கேட்ட பெடரலிஸ்டுகள் இன்றைய டெமாக்ரட்டுகள் என்றும், மாகாண சுதந்திரம் கேட்ட ஜெபர்சன் கட்சியார் இன்றைய ரிபப்ளிகன்கள் என்றும் சிலர் சொல்லிவிடுவார்கள். ஜெபர்சன் கட்சியார் தங்களை ரிபப்ளிகன்கள் என்றே அழைத்துக் கொண்டார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அந்தக் கட்சியின் வாரிசென்று சொல்லிக் கொள்பவர்களோ டெமாக்ரட்டுகள்! இன்றைய ரிபப்ளிகன் கட்சியோ 1854-ல் அடிமை முறை புதுப் பிரதேசங்களில் பரவக் கூடாதென்பதற்காகப் புதிதாக ஏற்பட்டதாகும். பேர்ப்பலகையைப் பார்த்துச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைகிறவன் கதிதான் பேரைப் பார்த்துக் கட்சிக்குள் நுழைகிறவன் கதியும்.

கொள்கையைப் பார்க்கலாமென்றாலோ அதன் யோக்கியதை இன்னும் வேடிக்கையாயிருக்கின்றது. அரசியல் சட்டத்தில் சொல்லாத அதிகாரம் எதையும் மத்திய சர்க்கார் எடுத்துக் கொள்ளக் கூடாதென்று கத்திய ஜெபர்சன், தாம் பிரசிடெண்டானதும் 1803-ல் பிரெஞ்சுக்காரனிடம் ஒன்றரைக் கோடி டாலருக்கு லூயிசியானா என்கின்ற மகா பெரிய நிலப்பரப்பை விலைக்கு வாங்கினார். அப்படி வாங்குவதற்குச் சட்டத்தில் இடமிருக்கின்றதா என்று அவருக்கே சந்தேகம்! பாங்கி கூடாதென்று சொன்ன அவருடைய கட்சியாரே 1811-ல் பழைய பாங்கியைச் சாக விட்டுவிட்டு 1816-ல் புதுப் பாங்கி வைத்தார்கள். மத்திய சர்க்காரே மேலென்று சொன்ன பெடரலிஸ்டுகளோ, அதிகாரம் கையை விட்டுப் போன பிறகு 1814-ல் ஹார்ட்போர்டு நகரத்தில் கூடி மாகாண உரிமை என்று அழுதார்கள். ஆகவே மத்திய சர்க்கார், மாகாண உரிமை என்பவைகள் பதவியிலிருப்பவன் ஒரு பாட்டும் பதவியில்லாதவன் ஒரு பாட்டும் பாடுகின்ற பாட்டே அல்லாமல் கொள்கையாகாது.

நிற்க, மத விஷயத்துக்கு வருவோம். பகுத்தறிவுக்காரர்களாகிய நாம் ஜெபர்சன் பக்கமே சாய்வோமென்று யாரும் எதிர்பார்க்கலாம். அதற்குக் காரணமும் உண்டு. 1800-ம் வருஷத் தேர்தலில் பெடரலிஸ்டுப் பாதிரிகள் பிரசங்க மேடையில் ஏறி, ஜெபர்சன் நாஸ்திகன், அவன் வந்தால் உங்கள் பைபிளுக்கு ஆபத்து என்று கூச்சலிட்டார்கள். அந்தப் பாதிரிகளுக்குக் கனெக்டிகட் மாகாணத்தில் 1818 வரையிலும், மாசசூசெட்ஸில் 1833 வரையிலும் ஜனங்களின் வரிப்பணத்திலிருந்து சம்பளம் நடந்து வந்ததென்றால் அவர்களுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்பது விளங்கும். மதம் போய்விடுமே என்ற பயமல்ல, மானியம் போய்விடுமே என்ற பயம். இந்த விஷயத்தில் நம் நாட்டுப் புரோகிதரும் அந்நாட்டுப் பாதிரியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளேயாவார்கள். ஜெபர்சனோ 1802-ல் சர்க்காருக்கும் சர்ச்சுக்கும் நடுவில் சுவர் இருக்க வேண்டுமென்று எழுதினார். பிற்காலத்தில் சுவிசேஷங்களைக் கத்தியால் அறுத்து, அற்புதங்களையெல்லாம் கழித்துவிட்டு, மிச்சத்தை ஒட்டித் தமக்கென்று ஒரு புஸ்தகம் செய்து கொண்டார். இன்றைக்கு எந்தக் கட்சி அபேட்சகனாவது இப்படிச் செய்ததாகத் தெரிந்தால் அவன் கதி என்னவாகும்? அந்நாட்டுப் பார்லிமெண்டில் தமக்குக் கடவுள் நம்பிக்கையில்லை என்று பகிரங்கமாய்ச் சொல்லிக் கொண்ட முதல் அங்கத்தினர் பீட் ஸ்டார்க் என்பவர். அவர் அதைச் சொன்னது 2007-ல்! கடவுளை ஒப்புக் கொள்ளாதவன் உத்தியோகம் வகிக்கக் கூடாதென்கின்ற வாசகம், 1961-ல் சுப்ரீம் கோர்ட்டு அது செல்லாதென்று சொன்ன பிறகும், டெக்ஸாஸ் முதலிய சில மாகாணங்களின் சட்டப் புஸ்தகத்தில் இன்னும் அழியாமல் கிடக்கின்றது.

இவ்வளவும் ஜெபர்சனுக்குச் சாதகமே. ஆனால் நாம் ஆசாமியைத் தராசில் வைக்கும்போது ஒரு தட்டில் மாத்திரம் படிக்கல் போட முடியாது. சுவிசேஷத்தை அறுத்த அந்தக் கை தன் வாழ்நாளில் 600 பேருக்கு மேல் அடிமைகளாக வைத்து ஆண்ட கையாகும். அவர் பிரசிடெண்டானதே அடிமைகளின் தலைக் கணக்கினால்தான் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? அரசியல் சட்டம் எழுதியவர்கள் ஒரு பேரம் பேசினார்கள். அதாவது, பார்லிமெண்டுக்கு மாகாணந்தோறும் எத்தனை ஸ்தானம் என்று கணக்கிடும்போது 5 அடிமைகளை 3 பேராக எண்ணிக் கொள்வதென்பது. பிரசிடெண்டைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் தொகையும் இந்த ஸ்தானங்களைப் பொறுத்ததே. அடிமைக்கு ஓட்டுக் கிடையாது. ஆனால் அவன் பேரால் அவனுடைய எஜமானனுடைய மாகாணத்துக்கு ஓட்டு உண்டு! 1800-ல் ஜெபர்சனுக்கு 73, ஆடம்ஸுக்கு 65. வித்தியாசம் 8. அடிமைக் கணக்கினால் தென் மாகாணங்களுக்குக் கிடைத்த அதிகப்படித் தேர்வாளர்கள் சுமார் 12 பேர் என்று சரித்திரக்காரர்கள் கணக்கிட்டிருக்கின்றார்கள். அதைக் கழித்துவிட்டால் ஆடம்ஸே ஜெயித்திருப்பார். சாமான்ய ஜனங்களின் வெற்றி என்று புஸ்தகங்களில் புகழப்படுகின்ற அந்தத் தேர்தலின் யோக்கியதை இதுதான்.

அப்படியானால் ஆடம்ஸ் கட்சி உத்தமக் கட்சியா என்று கேட்பீர்களானால், அதுவுமல்ல. 1798-ல் பெடரலிஸ்டுகள் தங்கள் கையிலிருந்த பார்லிமெண்டைக் கொண்டு ராஜத்துவேஷச் சட்டமென்று ஒன்று செய்தார்கள். சர்க்காரையாவது பிரசிடெண்டையாவது பார்லிமெண்டையாவது அவதூறாய் எழுதினால் சிறை. வைஸ் பிரசிடெண்டை மாத்திரம் எப்படி வேண்டுமானாலும் திட்டலாம்; ஏனென்றால் அப்பொழுது வைஸ் பிரசிடெண்டு எதிர்க்கட்சி ஜெபர்சன்! நியூ ஜெர்சியில் பிரசிடெண்டுக்கு மரியாதையாகப் பீரங்கி வெடித்தபோது, அந்தக் குண்டு அவருடைய பின்புறத்தில் பட்டாலும் எனக்குக் கவலையில்லை என்று குடிமயக்கத்தில் உளறிய ஒருவனைப் பிடித்து அபராதம் போட்டார்கள். வெர்மாண்டு மாகாணத்துப் பார்லிமெண்டு அங்கத்தினர் மாத்யூ லயன் என்பவருக்குப் பத்திரிகையில் எழுதியதற்காக 4 மாதம் சிறையும் 1,000 டாலர் அபராதமும் கிடைத்தது. அவர் சிறைக்குள் இருந்தபடியே மறு தேர்தலில் ஜெயித்தார். 1801-ல் ஜெபர்சனுக்கும் அவருடைய கூட்டாளி பர்ருக்கும் சம ஓட்டு வந்து, பார்லிமெண்டில் 36 தடவை ஓட்டெடுத்துத் தீர்மானித்தபோது, கடைசித் தடவையில் வெர்மாண்டின் ஓட்டை ஜெபர்சனுக்குப் போட்டவரும் இந்த லயனே. சிறையில் போட்டவர்களுக்கு இதைவிட வேறு தண்டனை வேண்டியதில்லை.

பெடரலிஸ்டுக் கட்சி 1816-ல் கடைசியாகப் பிரசிடெண்டு தேர்தலுக்கு நின்று 34 தேர்வாளர் ஓட்டு வாங்கிப் பிறகு மறைந்து போயிற்று. ஆனால் கட்சி செத்தாலும் அதன் சட்டம் சாகவில்லை. அதே 1798-ல் அவர்கள் செய்த அன்னிய விரோதிகள் சட்டம் இன்று வரை ரத்தாகவில்லை. யுத்த காலத்துக்கென்று செய்த அந்தச் சட்டத்தை எடுத்து 2025 மார்ச்சு மாதத்தில் பிரசிடெண்டு டிரம்ப், வெனிசுலாக்காரர்களை நாடு கடத்துவதற்கு உபயோகப்படுத்தினார். பெடரலிஸ்டுக் கட்சி இன்றிருந்தால் எங்கிருக்கும் என்று கேட்பவர்கள் ஆவியைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதில்லை; சட்டப் புஸ்தகத்தைப் புரட்டினால் போதும்.

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகின்றோம். ஜனநாயகம் அமெரிக்காவில் வரவர விரிந்து கொண்டே வந்தது என்று பள்ளிக்கூடப் புஸ்தகம் சொல்லுகின்றது. அது பாதி உண்மை. நியூ ஜெர்சி மாகாணத்தில் 1776-ல் செய்த சட்டப்படி 50 பவுன் சொத்துள்ளவர்கள் யாராயிருந்தாலும், பெண்ணாயிருந்தாலும் கறுப்பராயிருந்தாலும், ஓட்டுப் போடலாமென்று இருந்தது. பெண்கள் போட்டும் வந்தார்கள். இரண்டு கட்சியாரும், தங்களுக்கு விழும்வரை பெண்ணின் ஓட்டு நல்ல ஓட்டு, எதிரிக்கு விழுந்தால் கள்ள ஓட்டு என்று சண்டையிட்டுக் கொண்டார்கள். முடிவில் 1807-ல் வெள்ளைக்கார ஆண்களுக்கு மாத்திரமே ஓட்டென்று சட்டம் செய்து பெண்களையும் கறுப்பரையும் ஒரே வீச்சில் வெளியே தள்ளினார்கள். கள்ள ஓட்டைத் தடுப்பதற்காகவாம்! திருடனைப் பிடிப்பதற்காக வீட்டுக்காரனை வெளியேற்றிக் கதவைச் சாத்திய கெட்டிக்காரத்தனத்தை என்னவென்று சொல்வது?

1821-ல் நியூயார்க்கில் நடந்தது இதைவிடக் கவனிக்கத் தக்கதாகும். ஜெபர்சன் வழிவந்த கட்சியார், முக்கியமாக வான் பியூரன் கூட்டத்தார், ஏழை வெள்ளைக்காரனுக்கும் ஓட்டு வேண்டுமென்று மாகாண அரசியல் சட்டத்தைத் திருத்தக் கூடினார்கள். சொத்தில்லாதவனுக்கு ஓட்டுக் கொடுத்தால் தேசம் குடிமுழுகிப் போகுமென்று பெடரலிஸ்டு நீதிபதி கெண்டு என்பவர் தடுத்தார். அதே பெடரலிஸ்டுக் கட்சியைச் சேர்ந்த பீட்டர் ஜே என்பவர் கறுப்பருடைய ஓட்டை எடுக்கக் கூடாதென்று வாதாடினார். கடைசியில் நடந்ததென்னவென்றால், வெள்ளையனுக்குச் சொத்து நிபந்தனை போயிற்று. கறுப்பனுக்கு மாத்திரம் 250 டாலர் பெறுமான சொத்திருந்தால்தான் ஓட்டென்று ஏற்பட்டது. ஏழைகளின் கட்சியென்று சொல்லிக் கொண்டவர்கள் ஒரு ஏழைக்குக் கதவைத் திறந்த அதே கையால் இன்னொரு ஏழைக்குக் கதவைச் சாத்தினார்கள். 1838-ல் பென்சில்வேனியாவில் வெள்ளையன் என்கின்ற ஒரு வார்த்தையைச் சட்டத்தில் புகுத்தி அதே காரியத்தை முடித்துக் கொண்டார்கள். கீழே கிடப்பவனைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, அவனுக்கும் கீழே ஒருவன் மிதிபட இருக்கின்றான் என்று காட்டித் திருப்தி செய்கின்ற இந்த வித்தை நமது வாசகர்களுக்குப் புதிதல்லவாதலால் இதை வளர்த்த வேண்டியதில்லை.

பிரசிடெண்டு தேர்தலில் 1824-ல் சுமார் மூன்றரை லட்சம் ஓட்டு. 1828-ல் ஜாக்சன் வந்தபோது சுமார் 11 லட்சம். ஓட்டர்கள் மும்மடங்கானதும் வந்த பெரிய சட்டம் எது தெரியுமா? 1830-ல் பூர்வ குடிகளாகிய செவ்விந்தியரை அவர்கள் பூமியிலிருந்து கிளப்பி மேற்கே துரத்துகின்ற சட்டம். 1838-ல் அப்படித் துரத்தப்பட்ட செரோக்கி ஜனங்கள் சுமார் 16,000 பேரில் ஏறக்குறைய 4,000 பேர் செத்தார்கள். அவர்களிடம் யாரும் ஓட்டுக் கேட்டிருக்க வேண்டியதில்லை; அவர்கள் அமெரிக்கப் பிரஜைகள் என்று பொதுவாக ஒப்புக் கொள்ளப்பட்டதே 1924-ல்தான்.

இப்பொழுது அந்தக் கட்சிகளை எழுப்பிக் கொண்டு வந்து 2024-ம் வருஷத்து ஓட்டர்கள் முன் நிறுத்திப் பார்ப்போம். 15 கோடிக்கு மேற்பட்டவர்கள் ஓட்டுப் போட்ட தேர்தல் அது. 1870-ல் கறுப்பருக்கும், 1920-ல் பெண்களுக்கும் சட்டத்தில் ஓட்டு வந்து, 1965-ல் அந்தச் சட்டத்துக்கு உயிரும் வந்த பிறகு நடந்த தேர்தல். ஜெபர்சன் கட்சி அபேட்சகர் ஜார்ஜியாவில் மேடை ஏறி எல்லா மனிதரும் சமம் என்று தமது பழைய வாசகத்தைச் சொன்னால், எதிரே உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பெண், எங்கள் பாட்டியை என்ன விலைக்கு வாங்கினீர் என்று கேட்க மாட்டாளா? ஹாமில்டன் கட்சி அபேட்சகர் சொத்துள்ளவர்களே ஆளத் தக்கவர்கள் என்று வாய் திறக்க முடியுமா? திறக்க மாட்டார். சொத்துள்ளவர்களிடம் தேர்தல் செலவுக்குப் பணத்தை மாத்திரம் வாங்கிக் கொண்டு ஏழைகளின் நண்பனென்று பேசுவார். அதாவது இன்றைய இரண்டு கட்சியாரில் எவரையும் போலவே ஆகிவிடுவார். ஆகவே அந்தக் கட்சி இன்றைக்கு வந்தால் எந்தப் பக்கம் என்பது அர்த்தமில்லாத கேள்வி. ஓட்டர் ஜாபிதா மாறினால் கட்சியே வேறு கட்சியாகிவிடும்.

மற்றக் கட்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேசன் கட்சி விரோதிகள் என்று ஒரு கூட்டம் ரகசியச் சங்கமொன்றை ஒழிப்பதே தேசத் தொண்டென்று கிளம்பி, 1832-ல் வெர்மாண்டின் 7 தேர்வாளர் ஓட்டை வாங்கிக் கொண்டு மறைந்தது. விக் கட்சி, அடிமை விஷயத்தில் வடக்கே ஒரு பேச்சும் தெற்கே ஒரு பேச்சும் பேசி 1850-களில் இரண்டாய்ப் பிளந்து செத்தது. ஒன்றும் தெரியாதவர் கட்சி என்று பேரெடுத்த அமெரிக்கன் கட்சியோ கத்தோலிக்கரையும் அயர்லாந்திலிருந்து வந்தவரையும் விரட்டுவதே கொள்கையாகக் கொண்டு, வந்தேறி ஒருவன் 21 வருஷம் காத்திருந்தால்தான் பிரஜையாக வேண்டுமென்றது. 1856-ல் நூற்றுக்கு 21 ஓட்டு வாங்கியும் மேரிலாண்டு ஒன்றில்தான் ஜெயித்தது. அதற்கு முன்பே 1844-ல் பிலடெல்பியாவில், பள்ளிக்கூடத்தில் எந்த மொழிபெயர்ப்புப் பைபிளைப் படிப்பது என்கின்ற சண்டையில் கோயிலைக் கொளுத்தி ஆட்களைக் கொன்றார்கள். ஒரே கடவுள், ஒரே புஸ்தகம், மொழிபெயர்ப்புதான் வேறு! இந்தக் கட்சியை எழுப்பவே வேண்டியதில்லை. அதன் பேச்சைப் பேசுகிறவர்களுக்கு அங்கே எந்தக் காலத்திலும் பஞ்சமிருந்ததில்லை.

எழுப்பத் தக்க கட்சி ஒன்றுண்டானால் அது லிபர்ட்டி கட்சியேயாகும். அடிமை முறை ஒழிய வேண்டும் என்று சொல்லி 1840-ல் பர்னி என்பவரை நிறுத்தி, தேசம் முழுவதிலும் சுமார் 7,000 ஓட்டு வாங்கியது. ஓட்டை வீணாக்குகிறீர்கள் என்று எல்லோரும் பரிகசித்தார்கள். 1844-ல் சுமார் 62,000. நியூயார்க்கில் இவர்கள் வாங்கிய 15,000 சில்லறை ஓட்டால்தான் விக் அபேட்சகர் கிளே சுமார் 5,000 ஓட்டில் தோற்று, அடிமைக்காரர் விரும்பிய போல்க் பிரசிடெண்டானார் என்று அதன் பிறகு திட்டினார்கள். அந்தத் திட்டு நியாயமில்லாததல்ல. போல்க் வந்ததால் அடிமை நாடு விரிந்ததும் உண்மை. ஒரு மாகாணத்தில் ஒரு ஓட்டு அதிகமிருந்தாலும் அந்த மாகாணம் முழுவதும் அவனுக்கே என்கின்ற ஏற்பாட்டில் மூன்றாவது கட்சிக்கு இந்தப் பழி எப்பொழுதும் வரும், இன்றும் வருகின்றது. ஆனாலும் 1848-ல் பிரீ சாயில் கட்சியாய், 1854-ல் ரிபப்ளிகன் கட்சியாய்ப் பலர் சேரச் சேர, 7,000 ஓட்டு வாங்கிய அந்தக் கொள்கை 25 வருஷத்தில், 1865-ல், அரசியல் சட்டத்தின் 13-வது திருத்தமாயிற்று. அந்தச் செய்தியைக் கேட்டே ஜோதிராவ் புலே 1873-ல் தாம் மராத்தியில் எழுதிய குலாம்கிரி என்கின்ற புஸ்தகத்தை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க நன்மக்களுக்கு உரிமையாக்கினார்.

ஆனால் அந்த 13-வது திருத்தத்திலும் ஒரு பொந்து வைத்திருக்கின்றார்கள். குற்றத்துக்குத் தண்டனையாக மாத்திரம் அடிமை வேலை வாங்கலாம் என்பதே அது. இன்றைய அமெரிக்கச் சிறைகளில் கறுப்பர்கள் அவர்களுடைய ஜனத்தொகைக்கு மேற்பட்ட விகிதத்தில் இருக்கின்றார்கள். குற்றத் தண்டனையின் பேரால் ஓட்டிழந்தவர்கள் 2024-ல் சுமார் 40 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கின்றார்கள். ஜனத்தொகைக் கணக்கு எடுக்கும்போதோ கைதியை அவன் சொந்த ஊரில் எண்ணாமல் சிறை இருக்கின்ற ஊரில் எண்ணுகின்றார்கள். அதனால் சிறை இருக்கும் தொகுதிக்குப் பிரதிநிதித்துவம் ஏறுகின்றது. அவன் தெருவுக்குக் குறைகின்றது. நியூயார்க்கு, மேரிலாண்டு முதலிய சில மாகாணங்கள் 2010 முதல் தங்கள் தொகுதிப் பிரிவினையில் இதைத் திருத்திக் கொண்டிருக்கின்றன. பல மாகாணங்கள் திருத்தவில்லை. 5 பேரை 3 பேராக எண்ணிய காலத்திலாவது ஐந்தில் இரண்டு பங்கு வெட்கம் இருந்தது. இப்பொழுது முழுத் தலையையும் எண்ணிக் கொள்கின்றார்கள்.

கடுங்குற்றத்துக்காகச் சிறையிலிருக்கும் கைதிக்கும் ஓட்டுண்டு என்று வைத்திருக்கின்ற மாகாணங்கள் அந்த ஐம்பதில் இரண்டே. ஒன்று மெயின், மற்றொன்று, 1798-ல் மாத்யூ லயனைச் சிறைக்குள்ளிருந்தே ஜெயிக்க வைத்த வெர்மாண்டு. ஹாமில்டன் இன்றிருந்தால் எந்தக் கட்சி, ஜெபர்சன் இன்றிருந்தால் எந்தக் கட்சி என்று பக்கம் பக்கமாய் எழுதுகின்ற பண்டிதர்களை நாம் கேட்பதெல்லாம் மிச்சமுள்ள 48 மாகாணங்களில் அந்தத் தலைகளை எந்தக் கட்சி யார் பேரில் எழுதிக் கொள்கின்றது என்பதுதான்.